மழையில்லாமல் ஏறிய ஓடை

ஸ்பிட்டி மலை,
புரட்டாசி 12

எறையூரில் இருக்கும் என் துணைவி அமிர்தவல்லிக்கு, இமாச்சல மலை மேலிருந்து உன் வீட்டுக்காரன் சிங்காரவேலு எழுதிக்கொள்வது. நானும் நம் மகள் பூங்குழலியும் மூச்சு வாங்கினாலும் சுகமாக இருக்கிறோம். நீயும், உன் முழங்காலும், மகன் இளவரசன் குடும்பமும், சினை ஆடும் சுகமா என்று அறிய ஆசை.

முதலில் என் எழுத்தை நீ பொறுத்துக்கொள்ள வேண்டும். முதியோர் வகுப்பில் மணிமொழி டீச்சர் நம்மைக் கோடு போட்ட நோட்டில்தான் எழுதப் பழக்கினார். இங்கே கிடைத்தது கோடு போடாத தாள். அதனால் என் வரிகள் இந்த ஊர் ரோடு மாதிரியே ஏறியும் இறங்கியும் போகும். இதில் குளிர் வேறு. பேனாவில் மை உறைந்துவிடுகிறது. இரண்டு வரிக்கு ஒரு தரம் பேனாவைக் கக்கத்தில் வைத்துச் சூடு காட்டினால்தான் எழுதுகிறது. எங்காவது எழுத்து திடீரென்று தடித்துத் தெரிந்தால், அப்போதுதான் கக்கத்திலிருந்து எடுத்தேன் என்று தெரிந்துகொள். நேற்றுக் காலையில் தொடங்கினேன். இன்றைக்கு முடிப்பேன் என்று நினைக்கிறேன்.

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நாங்கள் தங்கியிருக்கும் இந்த ஊரில் டவர் கிடையாது, ஆனால் போஸ்ட் ஆபீஸ் இருக்கிறது. மண் சுவர் வைத்த ஒரு வீடு, வாசலில் சிவப்புப் பெட்டி, அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அறுபத்தேழு வயது வரைக்கும் நான் யாருக்கும் ஒரு கடிதம் எழுதியதில்லை. வகுப்பில் பழக்கத்துக்கு எழுதச் சொன்னபோது நீ தெருக் குழாய் வேண்டும் என்று கலெக்டருக்கே ஒரு பக்கம் எழுதினாய், நான் என் பெயரை மட்டும் நான்கு தடவை எழுதினேன். அதனால் முதல் கடிதம் உனக்குத்தான் என்று முடிவு செய்தேன். நீ எழுத்துக்கூட்டாமல் வேகமாகப் படிப்பவள், நான் எழுத்துக்கூட்டி மெதுவாக எழுதுகிறவன். கொஞ்சம் நிறுத்திப் படி.

இப்பவும், வேறு எதையும் சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கிளம்பும்போது நீ சொன்னதை மறக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏரிக்கரையில் டிராக்டரை டிரெய்லரோடு பின்னால் எடுத்தபோது, நான் ஒரு பக்கம் திருப்ப டிரெய்லர் இன்னொரு பக்கம் போய், மட்கார்டில் உட்கார்ந்திருந்த நீ இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அந்த ஈரச் சேலையோடு என்னை அய்யனார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், இனி எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் தொடமாட்டேன் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தாய். டிராக்டர் சாவியை அரிசி டிரம்முக்குள் போட்டு வைத்தாய். அது எனக்குத் தெரியாது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், நானும் தெரியாத மாதிரியே இருந்துவருகிறேன். முழங்கால் வலியால் நீ என்னோடு வர முடியாமல் போனது எனக்கு வருத்தம்தான். இருந்தாலும் பஸ் ஏறுகிற இடம் வரைக்கும் வந்து, “அங்க போயும் ஸ்டேரிங்கத் தொடக் கூடாது, சொல்லிட்டேன்” என்று நீ சொன்னதை மனதில் வைத்திருக்கிறேன். ஆகையால் கவலைப்படாதே. இந்தக் கடிதத்தில் எங்கே ஜீப் வந்தாலும் அதை ஓட்டுகிறவர் டோர்ஜே. அவர் பூங்குழலியின் ஆபீஸ் டிரைவர். இந்த மலைக்காரர், நாற்பது வயது இருக்கும், சிரித்தால் கண் காணாமல் போய்விடும். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. இரண்டு பேரும் டிரைவர்கள் என்பதால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

வந்ததும் நான்கு நாள் பூங்குழலி என்னைப் படுக்கையை விட்டு எழவே விடவில்லை. இங்கே காற்று கம்மியாம். உடம்பு பழகாமல் நடந்தால் தலைவலி வந்து ஆளைச் சாய்த்துவிடுமாம். நான் நம்பவில்லை. அவள் இல்லாத நேரம் பார்த்துக் கக்கூஸ் வரைக்கும் வேகமாக நடந்து பார்த்தேன். ஒரு வண்டிக் கரும்பை ஒற்றை ஆளாக ஏற்றின மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு நம்பினேன். படுத்துக்கொண்டே என்னென்ன வேடிக்கை இருக்கிறது என்று பார்த்தேன். குக்கரில் சோறு வைத்தால் நம்ம ஊரைப் போல இரண்டு மடங்கு விசில் விட வேண்டியிருக்கிறது. திருச்சியில் வாங்கின சிப்ஸ் பொட்டலம் பலூன் மாதிரி உப்பிப்போய், தொட்டால் வெடிக்கும் போல நிற்கிறது. ஏன் என்று கேட்டேன். பொட்டலத்துக்குள் இருப்பது திருச்சிக் காற்று, வெளியே இருப்பது மலைக் காற்று, மலைக் காற்றுக்குப் பலம் கம்மி, அதனால் திருச்சிக் காற்று நெஞ்சை நிமிர்த்துகிறது என்றாள். அந்தப் பொட்டலத்தை நான் பிரிக்கவில்லை. ஜன்னலில் வைத்திருக்கிறேன், ஊருக்குத் திரும்பும்போது அது எந்த இடத்தில் சுருங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மணாலியிலிருந்து வருகிற வழியில், ஒரு மரம்கூட இல்லாத மொட்டை மலையில், எதிரே போர்வெல் லாரி ஒன்று வந்தது. முன்னால் தமிழில் எழுதியிருந்தது. நான் உடனே கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன். தி, ரு, ச், செ என்று வருவதற்குள் லாரி எங்களைக் கடந்துவிட்டது. நல்லவேளை பின்னாலும் எழுதியிருந்தார்கள். கழுத்தைத் திருப்பிக்கொண்டு மீதியைப் படித்து முடித்தேன். திருச்செங்கோடு. போன வருஷமாக இருந்தால் அது வெறும் லாரியாகப் போயிருக்கும். இப்போது தெரிந்த ஆள் போல வந்து விசாரித்துவிட்டுப் போனது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பூங்குழலி என்ன வேலை பார்க்கிறாள் என்று நம் தெருவில் யாராவது கேட்டால் நாம் இரண்டு பேரும் ‘கல்லு படிக்கிற வேலை’ என்று சொல்லி முடித்துவிடுவோம். அது சரியில்லை. இங்கிருந்து அரைப் பகல் தூரத்தில், இன்னும் உயரத்தில், பனி உருகி நிறைந்த ஏரி ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே நான்கு கிராமங்கள். அந்த ஏரிக்கு மதகு கிடையாது, மிஞ்சின தண்ணீர் வழிந்து போகக் கலிங்கு கிடையாது, கரை என்பதே கல்லும் மண்ணும் உள்ளே உறைந்த பனியும்தான். கரை உடைந்தால் ஊர் இருக்காது. அதனால் அவள் அந்த ஏரிக்கரையில் ஒரு பெட்டியை வைத்திருக்கிறாள். மணிக்கு ஒரு தரம் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று அது தானாகவே எழுதிக்கொள்ளுமாம். ஐப்பசி மழையில் நம்ம ஊரில் ராத்திரியெல்லாம் ஏரிக்கரையைச் சுற்றி வருவார்களே, அதுதான் இவள் வேலை, ஆளுக்குப் பதில் பெட்டி. போன வருஷம் வைத்த பெட்டியை இந்த வாரம் போய் எடுக்க வேண்டும். முதல் பனி விழுந்தால் பாதை மூடிவிடும், பிறகு ஆனி மாதம்தான் திறக்கும். அதற்குள் பெட்டியின் பாட்டரி செத்து, எழுதி வைத்ததெல்லாம் அழிந்துவிடும். அவளுடைய ஒரு வருஷ உழைப்பு, நான்கு ஊர்ச் சனங்களின் காவல், எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. நானும் வருகிறேன் என்றேன். ஜீப்பை விட்டு இறங்கி ஓடக் கூடாது, வேகமாகப் பேசக் கூடாது, யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது என்று மூன்று நிபந்தனை போட்டாள். முதல் இரண்டையும் காப்பாற்றினேன்.

கிளம்பும்போது நம்ம வழக்கப்படி நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். நீ கொடுத்தனுப்பியதுதான். முதல் நாளே ஜீப்பில் வைத்திருந்ததால் குளிரில் உறைந்து கோலிக்குண்டு மாதிரி ஆகியிருந்தது எனக்குத் தெரியாது. வண்டி நகர்ந்ததும் ஒரு பழமும் நசுங்கவில்லை. ஒன்று தெறித்துப் போய்ப் பக்கத்து வீட்டுக் கழுதையின் மேல் பட்டது, இரண்டு பள்ளத்தில் உருண்டு போயின, நான்காவதை டோர்ஜே ஓடிப் பிடித்து வந்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்தார். நல்ல மனுஷன்.

ரோடு முடிந்து காட்டுப்பாதை தொடங்கும் இடத்தில் அவர் இறங்கி நான்கு சக்கரத்திலும் பாதிக் காற்றைத் திறந்து விட்டார். எனக்குப் பகீரென்றது. நம்ம டிராக்டர் பின்சக்கரத்தில் பிடிமானத்துக்காகத் தண்ணீர் நிரப்புவோம், இவர் பிடிமானத்துக்காகக் காற்றை இறக்குகிறார். ஆனால் சரிதான். சக்கரம் வயிற்றைப் பரப்பிக்கொண்டு ஒவ்வொரு கல்லையும் கவ்விப் பிடித்து ஏறுகிறது. அப்புறம் கியர் கம்பிக்குப் பக்கத்தில் குட்டியாக இன்னொரு கம்பி இருக்கிறது. அதை இழுத்துவிட்டார். இஞ்சின் சத்தம் கனத்து, வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. நம்ம டிராக்டரில் ஹை, லோ என்று போடுவோமே, அதேதான். நான் என் மார்பைத் தொட்டு, அந்தக் கம்பியைத் தொட்டு, எனக்கும் தெரியும் என்று காட்டினேன். அவர் கண் காணாமல் சிரித்தார். தொட்டது அந்தக் குட்டிக் கம்பியைத்தான், ஸ்டியரிங்கை அல்ல.

அந்தப் பாதையை உனக்கு எப்படிச் சொல்வது. ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் ஒன்றும் இல்லை. ஓரத்தில் ஒரு கல்கூட நட்டு வைக்கவில்லை. கீழே எட்டிப் பார்த்தால் ஆறு ஒரு நூல் மாதிரி கிடக்கிறது. வளைவில் ஒரே வெட்டாகத் திரும்ப முடியாது, பாதி திரும்பி, பின்னால் எடுத்து, மறுபடி திரும்ப வேண்டும். பின்னால் எடுக்கும்போது பின்சக்கரம் எங்கே இருக்கிறது என்று டோர்ஜே கண்ணாடியில் பார்ப்பதில்லை, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு எடுத்துவிடுகிறார். அந்த நேரத்தில் உன்னை நினைத்துக்கொண்டேன். வானம் நம்ம ஊர் நீலம் இல்லை, சலவைக்குப் போடும் நீலத்தை அப்படியே கொட்டின மாதிரி இருக்கிறது. மலை ஒன்று செம்மண் நிறம், அடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது பச்சை, ஆனால் எதிலும் ஒரு புல் இல்லை, நிறமெல்லாம் கல்லுக்கே உரியது. நிற்க இடமில்லாத பாறையில் ஆடுகள் நின்றுகொண்டு எங்களைப் பார்த்தன. அவை எதைத் தின்கின்றன, எதற்காக அங்கே ஏறின என்று கேட்டேன். பூங்குழலி, “அதுங்களும் உங்களப் பாத்து அதத்தாம்ப்பா கேக்கும்” என்றாள்.

கடைசி வளைவில் அவள் மட்டும் இறங்கிக்கொண்டாள். நடக்கிற குறுக்குவழி ஒன்று இருக்கிறது, அதில் சோதனைக்குக் கல் எடுத்துக்கொண்டே போய், ஆடு மேய்ப்பவர்கள் போட்ட பலகைப் பாலத்தில் ஓடையைத் தாண்டி, அந்தக் கரையில் எங்களைப் பார்ப்பதாக ஏற்பாடு. டோர்ஜேயிடம் அவர் பாஷையில் ஏதோ கண்டிப்பாகச் சொன்னாள். ‘பதினோரு மணிக்குள் நிற்காமல் கடந்துவிடு’ என்று சொன்னாளாம். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

ஓடைக்கு வந்தபோது பத்தரை மணி. தண்ணீர் முழங்கால் அளவு, கலங்கலாக, வேகமாக ஓடியது. டோர்ஜே அப்படியே இறக்கப் போனார். நான் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினேன். இங்கேதான் அமிர்தவல்லி, என் நாற்பது வருஷ அனுபவம் பேசியது. மருதையாற்றில் கரும்பு லோடோடு எத்தனை தரம் நின்றிருக்கிறேன். கலங்கல் தண்ணீர் வந்தால் மேலே எங்கேயோ மழை, அவசரப்பட்டு இறங்குகிறவன் லோடோடு கவிழ்வான், பொறுத்திருந்து ஒரு தரம் வெற்றிலை போட்டு முடிக்கிறவன் வடிந்த பிறகு பூப்போலப் போவான். எனக்குத் தெரிந்து எந்த ஓடையும் வந்த வேகத்தில் வடியாமல் இருந்ததில்லை. இதையெல்லாம் கையாலேயே டோர்ஜேக்குச் சொன்னேன். உள்ளங்கையைக் கீழே இறக்கிக் காட்டி, வடியும் என்றேன். அவர் சூரியனைக் காட்டினார், மலை உச்சிப் பனியைக் காட்டினார், பிறகு கையை மேலே மேலே தூக்கினார். வெயில் நன்றாக இருக்கிறது, மலை அழகாக இருக்கிறது, இன்னும் உயரம் போகப் போகிறோம் என்று சொல்கிறார் என நினைத்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். சாரின் அப்பா என்கிற மரியாதைக்கு அவர் இஞ்சினை அணைத்துவிட்டார். இங்கே பூங்குழலியைச் சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். வடிவதைப் பார்ப்பதற்கு நம்ம வழக்கப்படி தண்ணீர் ஓரத்தில் ஒரு கல்லை அடையாளம் வைத்தேன். சாப்பிட்டு நிமிர்ந்தால் கல்லைக் காணோம். உருண்டுவிட்டது போல என்று இன்னொரு பெரிய கல்லை வைத்தேன். கை கழுவிவிட்டு வந்தால் அதுவும் தண்ணீருக்குள். மூன்றாவது கல்லைத் தூக்கும்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அண்ணாந்து பார்த்தேன். ஒரு பொட்டு மேகம் இல்லை. மழை இல்லாமல், யாரும் மதகைத் திறக்காமல், ஒரு ஓடை எப்படி ஏறும். பயத்தைவிட எனக்கு அதைத் தெரிந்துகொள்ளும் ஆசைதான் அதிகமாக இருந்தது. டோர்ஜே என் பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடியும் சூரியனைக் காட்டி, பனியைக் காட்டி, கையை மேலே தூக்கினார். இந்தத் தடவை எனக்குப் புரிந்தது.

ஒரு மணி வாக்கில் பூங்குழலி அந்தக் கரையில் வந்து நின்றாள். அதற்குள் தண்ணீர் இடுப்பளவு. இரைச்சலில் ஒவ்வொரு வார்த்தையையும் மூன்று தரம் கத்த வேண்டியிருந்தது.

“ஏம்ப்பா இன்னும் அந்தப் பக்கமே நிக்கிறீங்க?”

“வடியட்டும்னு நிக்கிறோம்மா.”

“இது மழத்தண்ணி இல்லப்பா. பனி உருகி வர்றது. வெயில் ஏற ஏற இதுவும் ஏறும். இனிமே நாளைக்குக் காலையிலதான்.”

அவள் நடந்து வந்த பலகைப் பாலத்தின் மேலும் அதற்குள் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவள் இந்தப் பக்கம் வர முடியாது, நாங்கள் அந்தப் பக்கம் போக முடியாது. நான் மருதையாற்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். காலையில் இல்லாத மேகம் அங்கே சாம்பல் மூட்டை மாதிரி வந்து உட்கார்ந்திருந்தது. அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திட்டவில்லை. தன் பையிலிருந்த இன்னொரு சிப்ஸ் பொட்டலத்தைத் தின்றுவிட்டு, ஆடு மேய்க்கும் பெண்களின் கூடாரத்துக்குப் போய்விட்டாள். நானும் டோர்ஜேயும் ஜீப்பிலேயே கிடந்தோம். வெற்றிலைக் கட்டு முழுசும் தீர்ந்தது. என் பிடிவாதத்தால் அவள் பெட்டி போய்விடுமோ என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை.

காலையில் எழுந்தால் ஓடையின் சத்தமே இல்லை. ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி, நடுவில் கணுக்கால் தண்ணீர். குளிரில் மேலே பனி உருகுவது நின்றதும் ஓடையும் நின்றுவிட்டது. இது எவ்வளவு ஒழுங்கான ஓடை என்று பார், ஷிப்டுக்கு வருகிற ஆள் மாதிரி தினமும் மத்தியானம் வந்து விடிவதற்குள் போகிறது. ஆனால் முதல் நாள் வேகத்தில் அது பெரிய பெரிய கற்களைப் புரட்டிப் போட்டு, நடுவில் பள்ளம் பறித்திருந்தது. எங்கே பள்ளம் என்று மேலிருந்து தெரியாது. மேகமும் தலைக்கு மேலே வந்துவிட்டது. ஆகையால் டோர்ஜே நீளமான கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, பூட்ஸோடு தண்ணீரில் இறங்கி, ஒவ்வொரு அடியாகக் குத்திப் பார்த்துக்கொண்டு முன்னால் நடந்தார். பூங்குழலி அந்தக் கரையில் நின்றாள். ஜீப் சின்னக் கியரில், டோர்ஜேக்குப் பின்னாலேயே, தாய்ப்பசுவுக்குப் பின்னால் போகிற கன்று மாதிரி நடந்து வந்தது.

இந்த மாதிரி இடத்தில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, கட்டை விரலை உள்பக்கம் விடக் கூடாது, சக்கரம் கல்லில் மோதினால் சுழன்று விரலை ஒடித்துவிடும். பார்வையைச் சக்கரத்தடியில் வைக்காமல் எதிர்க்கரையில் வைக்க வேண்டும். இதெல்லாம் நான் பொதுவாகச் சொல்கிறேன். நடு ஓடையில் வண்டி ஒரு நிமிஷம் நின்றது. எதற்காக நின்றது என்று வண்டிக்குத்தான் தெரியும். பிறகு மனம் மாறிக் கிளம்பி, முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கரை ஏறியது. அப்போது நீ எங்கே இருந்தாய் என்று கேட்பாய். வண்டிக்குள்தான் இருந்தேன். எனக்கும் உட்கார ஒரு இடம் வேண்டாமா.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம்தான். கணவாயில் கலர் கலராகத் துணிக்கொடிகள் கட்டியிருக்கும் இடத்தை டோர்ஜே வலமாகச் சுற்றிக்கொண்டு போனார். அதைத் தாண்டியதும் ஏரி. அமிர்தவல்லி, அவ்வளவு பெரிய ஏரியில் ஒரு கொக்கு இல்லை, ஒரு தாமரை இல்லை, கரையில் துணி துவைக்கிற ஒரு பெண் இல்லை. மயில் கழுத்து நிறத்தில் தண்ணீர். பழக்கத்தில் கலிங்கு எங்கே என்று தேடிக்கொண்டே இருந்தேன். பூங்குழலி ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்தாள். சோற்றுத் தூக்கு அளவுதான் இருக்கும். அதற்குள் ஒரு வருஷத் தண்ணீர் இருக்கிறது என்று நினைக்கவே ஆச்சரியமாக இருந்தது. புதுப் பெட்டியை மாட்டித் திருகை முடுக்கும்போது அவள் தலையில் வெள்ளையாக ஏதோ விழுந்தது. பஞ்சு என்று தட்டிவிட்டேன். அது பனி. மலை இறங்கித் திரும்பிப் பார்த்தபோது நாங்கள் போன பாதை வெள்ளையாகிவிட்டது. இன்னும் அரை நாள் நான் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

அந்த ஏரிக்கரையில் உனக்காக ஒன்று எடுத்திருக்கிறேன். அரியலூர்ப் பக்கம் உன் அப்பா கொல்லையில் கிணறு வெட்டினபோது நத்தை மாதிரி சுருண்ட கல் ஒன்று வந்ததே, நீ ஊறுகாய் ஜாடி மூடிமேல் பாரத்துக்கு வைத்திருக்கிறாயே, அதே மாதிரி கல், இந்த உயரத்தில். அதுவும் ஒரு காலத்தில் கடல், இதுவும் கடல் என்றாள் பூங்குழலி. அப்போது இரண்டும் ஒரே கடலா, நம்ம ஊர்த் தண்ணீர் இங்கே வரைக்கும் வந்ததா என்று ஆசையாகக் கேட்டேன். “இல்லப்பா, அது வேற கடல், இது வேற கடல். இது இன்னும் பழசு” என்றாள். கொஞ்சம் ஏமாற்றம்தான். இருந்தாலும் இரண்டு ஜாடிக்கு இரண்டு கடல் என்று வைத்துக்கொள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டினாள். ரம்பப் பல் மாதிரி ஒரு கோடு வந்தது. மத்தியானத்தில் ஏறுகிறது, விடியற்காலையில் இறங்குகிறது, வெயில் காலம் முழுக்க ஒரு நாள் தப்பாமல் அப்படியே. நான் கல் வைத்துப் பார்த்ததைத்தான் பெட்டியும் எழுதியிருக்கிறது. படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, எதைப் படிக்க வேண்டும் என்றும் தெரிய வேண்டும் போலிருக்கிறது. டோர்ஜே கையை உயர்த்திக் காட்டியதையும் நான் அன்றைக்குப் படிக்கவில்லையே.

இத்துடன் முடிக்கிறேன். இளவரசனுக்கும் மருமகளுக்கும் என் ஆசி. மணிமொழி டீச்சருக்கு என் வணக்கம், ஆனால் இந்தக் கடிதத்தை அவரிடம் காட்ட வேண்டாம், சிவப்பு மையால் திருத்திவிடுவார். ஆட்டுக்குத் தழை போடு. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, அதிகம் நடக்காமல் உட்கார்ந்தே இரு. நான் சத்தியத்தோடு இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் சிங்காரவேலு

பின்குறிப்பு: உறைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தபோது டவுனுக்குப் போயிருந்த பூங்குழலி வந்துவிட்டாள். அன்றைக்கு அக்கரையில் அவள் சும்மா நிற்கவில்லை, போனில் சத்தத்தோடு ஓடுகிற படம் எடுத்திருக்கிறாள். ஆபீசுக்கு அனுப்பும்போது உனக்கும் அனுப்பிவிட்டாளாம். நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். டோர்ஜே தண்ணீரில் நடக்கிறார். பின்னால் ஜீப்பில் இருப்பது ஒரே ஒரு ஆள். கழுத்தில் நீ கொடுத்த சிவப்பு மப்ளர். ஆகையால் மேலே நான் எழுதியதில் ஜீப் தானாக நடந்த பகுதியை நீ படிக்க வேண்டாம்.

அவள் போனுக்கு நீ பேசி அனுப்பியதையும் கேட்டேன். மூன்று தரம் போட்டுக் கேட்டேன். திட்டுவாய் என்று காதைத் தூரமாக வைத்துக்கொண்டுதான் கேட்டேன். நீ சொன்னதை நான் சரியாகக் கேட்டேனா என்று பார்ப்பதற்கு அப்படியே எழுதுகிறேன்: “ஏங்க, படம் பாத்தேன். நடு ஓடையில கிளச்ச மிதிச்சீங்கல்ல, சத்தத்துலயே தெரியுது. தண்ணிக்குள்ள கிளச்ச மிதிக்கலாமா. நீங்க சத்தியத்த மீறிட்டீங்க, அதனால நானும் ஒண்ணு சொல்லிடுறேன். முழங்கால் வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. நீங்க பஸ் ஏறுன மறுநாளே அரிசி டிரம்முலேருந்து சாவிய எடுத்துட்டேன். இளவரசன் சொல்லிக் குடுக்குறான். காலையில ஒரு ரவுண்டு, சாயங்காலம் ஒரு ரவுண்டு. முன்னாடி போறது வந்துருச்சு. டிரெய்லரோட பின்னாடி எடுக்குறதுதான் வரல. அத நீங்க சொல்லுங்க.”

சாவி அரிசி டிரம்மில் இருந்தது எனக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன். வகுப்பிலும் என்னை முந்தினாய், இப்போது இதிலும். கோபப்படலாமா என்று யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. நீ ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் ஆசையாக இருக்கிறது. மட்கார்டில் என்னை உட்கார வைப்பாயா. டிரெய்லரைப் பின்னால் எடுப்பது வாயால் சொல்லிப் புரிகிற விஷயம் இல்லை. நாம் வலது பக்கம் திருப்பினால் அது இடது பக்கம் போகும், அங்கேதான் அன்றைக்கு நானும் கோட்டை விட்டேன். கோடு போட்ட தாள் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் ஸ்டியரிங், டிரெய்லர் எல்லாவற்றையும் படம் வரைந்து, விவரமாக எழுதி அனுப்புகிறேன். அது உன் கைக்கு வந்து சேரும்வரை பின்னால் எடுக்காதே, முன்னால் மட்டும் போ. ஏரியைச் சுற்றி ஓட்டினால் பின்னால் எடுக்காமலே வீட்டுக்கு வந்துவிடலாம்.